கெடாவில் விளையாத சோயா

சுங்கை பட்டாணி என்ற பெயரைக் கேட்கும் தமிழருக்குப் பட்டாணிக் கடலை நினைவுக்கு வராமல் போகாது. மலாய்மொழியில் 'பெத்தானி' என்றால் உழவர். நம் நாவில் அது பட்டாணியாகி, அப்படியே நிலைத்தும்விட்டது. பெயரிலே பயற்றைச் சுமந்து நிற்கும் அந்நகரைச் சுற்றிப் பீடோங், குரூண், கூலிம், பாடாங் செராய், பாலிங் எனத் தோட்டங்கள் பரந்து கிடந்தன; இன்றும் பல கிடக்கின்றன. அங்கே இரப்பர் விளைந்தது. இன்று செம்பனையும் விளைகிறது. வடக்கே அலோர்ஸ்டார் பக்கம் போனால் கண்ணுக்கெட்டிய தூரம் நெல்வயல். ஆனால், உலகப் பயறுகளில் தலையாயதாகிய சோயா மட்டும் கெடாவின் பயிராக ஆகவே இல்லை.

விளையாத பயிரைப் பற்றி நமக்கென்ன என்று கேட்கலாம். பீடோங் வட்டாரத் தோட்டமொன்றில் பிறந்து சுங்கை பட்டாணியில் வளர்ந்தவன் நான். சோயாவைப் பற்றிப் படிக்கப் படிக்க எனக்கு ஒன்று தெளிவாயிற்று. நம் மண்ணில் வேர்விடாத இச்செடி தோட்ட மக்களின் வேலையையும் உணவையும் ஊதியத்தையும் தொட்டிருக்கிறது. நகருக்குக் குடிபெயர்ந்த பின்னும் நம்மை விட்டபாடில்லை. எவ்வாறு என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

சோயா என்னும் செடி

சோயா மொச்சை, சோயா அவரை என்றெல்லாம் தமிழில் அழைக்கப்படும் இச்செடியின் அறிவியற்பெயர் கிளைசின் மேக்ஸ். உளுந்து, பாசிப்பயறு, துவரை, மொச்சை ஆகியவை அடங்கிய அவரைக் குடும்பத்தைச் சேர்ந்தது. சீனத்தில் காட்டுச் சோயாவிலிருந்து பல ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் பயிராக்கப்பட்டது. முழங்கால் முதல் இடுப்பு வரை வளரும். தண்டிலும் காயிலும் மெல்லிய மயிர் படர்ந்திருக்கும். காய்க்கு இரண்டு மூன்று மணிகள்.

அந்தச் சிறிய மணிக்குள் இருப்பதுதான் வியப்பு. உலர்ந்த சோயாவில் புரதம் மட்டும் சுமார் 36 முதல் 40 விழுக்காடு. எண்ணெய் ஏறக்குறைய 20 விழுக்காடு. நாம் அன்றாடம் சாம்பாருக்கு வேகவைக்கும் துவரம்பருப்பில் புரதம் 22 விழுக்காடு அளவே. எண்ணெய் மிகச் சொற்பம். மேலும், நம் உடல் தானாக உண்டாக்கிக்கொள்ள முடியாத ஒன்பது அமினோ அமிலங்களும் சோயாப் புரதத்தில் போதிய அளவில் உள்ளன. தாவர உணவுகளில் இத்தகையவை சிலவே.

இங்கே ஏன் விளையவில்லை?

மழைக்கும் வெயிலுக்கும் குறைவில்லாத கெடாவில் சோயா ஏன் நிலைக்கவில்லை? இதற்கான விடையின் முதற்பகுதி வானத்தில் இருக்கிறது. சோயா பகலின் நீளத்தை அளந்து பூக்கும் செடி. 1920-இல் கார்னர், அல்லார்டு என்னும் இரு அமெரிக்க அறிவியலாளர்கள் புகையிலையையும் சோயாவையும் வைத்தே இந்த உண்மையை உலகுக்கு எடுத்துக் காட்டினர். பகல் குறுகத் தொடங்கியதும் சோயா பூக்கும். சீனத்திலும் அமெரிக்காவிலும் கோடையின் நீண்ட பகல்களில் செடி நன்கு வளர்ந்து, பகல் குறுகும்போது பூத்துக் காய்க்கிறது. நிலநடுக்கோட்டிலிருந்து ஐந்தாறு பாகையில் இருக்கும் கெடாவிலோ ஆண்டு முழுவதும் பகல் ஏறத்தாழ 12 மணி நேரம்தான். சாதாரணச் சோயாவை இங்கே விதைத்தால், சாண் உயரத்திலேயே பருவம் வந்துவிட்டதென எண்ணிப் பூத்துவிடும். சிறிய செடி எத்தனை காய்களைத் தாங்கும்?

இந்தத் தடையைத் தாண்ட முடியும் என்பதற்குப் பிரேசில் சான்று. அந்நாட்டின் வேளாண் ஆராய்ச்சி நிறுவனமான எம்பிராப்பா 1973-இல் அமைக்கப்பட்டது. குறுகிய பகலிலும் பூப்பதற்கு முன் நெடுநாள் வளரும் சோயா வகைகளை அந்நாட்டு அறிவியலாளர்கள் உருவாக்கினர். அதன் பயனாக இன்று உலகிலேயே மிகுதியாகச் சோயா விளைவிக்கும் நாடு பிரேசில்.

எனவே வானத்தை மட்டும் குறை கூறுவதற்கில்லை. வெப்பமும் ஈரமும் மிகுந்த நம் சூழலில் சோயா விதை விரைவில் முளைப்புத்திறனை இழந்துவிடும். நிலமும் ஓய்வாக இல்லை. மூடா நீர்ப்பாசனத் திட்டத்தைக் கவனிக்கும் மாடா வாரியம் 1970-இல் அமைந்த பின் கெடாவின் வயல்களில் ஆண்டுக்கு இரண்டு போகம் நெல் விளைகிறது. மேட்டு நிலங்களை இரப்பரும் செம்பனையும் பிடித்துக்கொண்டன. கப்பலில் மலிவாக வந்திறங்கும் சோயாவோடு போட்டியிட உள்ளூர் உழவருக்குக் காரணமும் இருக்கவில்லை. ஆகவே, மலேசியா தனக்கு வேண்டிய சோயா முழுவதையும் என்று சொல்லுமளவுக்கு வெளியிலிருந்தே வாங்குகிறது.

பால்மரக் காட்டில் சோயாவின் உறவினர்

சோயாவை நடாத தோட்டங்கள் அதன் நெருங்கிய உறவினரை ஏக்கர் ஏக்கராக நட்டன. இளம் இரப்பர்க் கன்றுகளின் இடையே தரையை மூடிப் படர்ந்திருந்த கொடிகளைத் தோட்டத்தில் வாழ்ந்தோர் மறந்திருக்க மாட்டார்கள். புவெராரியா, கலப்போகோனியம், சென்ட்ரோசீமா என்பன அவற்றின் பெயர்கள். சென்ட்ரோசீமாவின் பூ நம் சங்குப்பூவைப் போலவே இருக்கும். பின்னாளில் செம்பனைக் காடுகளுக்கு வந்த முக்குனா பிராக்டியாட்டா, நாம் பூனைக்காலி என்றழைக்கும் செடியின் இனம். இவை யாவும் அவரைக் குடும்பமே. அவற்றுள் புவெராரியாவும் கலப்போகோனியமும் சோயாவுக்கு மிகவும் நெருங்கியவை.

தொடக்ககாலத் தோட்டங்களில் தரையில் ஒரு புல்லும் இல்லாமல் சுத்தமாகச் செதுக்கி வைப்பதே நல்ல நிருவாகம் எனக் கருதப்பட்டது. அந்தச் செதுக்கும் வேலையைச் செய்தோரில் பெரும்பாலோர் நம் முன்னோர், அதிலும் பெண்கள். விளைவு என்னவாயிற்று? சரிவுகளில் மேல்மண் மழையோடு கரைந்தோடியது. மண் வளம் குன்றியதைக் கண்ட பிறகே 1920, 1930-களில் மூடுபயிர் என்னும் முறை பரவலாயிற்று.

இக்கொடிகள் என்ன செய்கின்றன? அவற்றின் வேரில் கடுகளவு, மிளகளவு முடிச்சுகள் இருக்கும். அம்முடிச்சுகளில் குடியிருக்கும் நுண்ணுயிர்கள் காற்றிலுள்ள நைட்ரஜனைச் செடி உண்ணும் வடிவுக்கு மாற்றித் தருகின்றன. பதிலுக்குச் செடி அவற்றுக்குச் சர்க்கரை ஊட்டுகிறது. ஒரு முடிச்சைக் கீறிப் பார்த்தால் உள்ளே இளஞ்சிவப்பாக இருக்கும். நம் குருதிக்கு நிறம் தரும் பொருளின் இனத்தைச் சேர்ந்த ஒரு புரதம்தான் அந்நிறத்துக்குக் காரணம். சிவந்திருந்தால் முடிச்சு உழைக்கிறது என்று பொருள். சோயாவின் வேரிலும் நடப்பது இதுவே. கொடியின் இலை உதிர்ந்து மட்கும்போது அந்த நைட்ரஜன் மரத்துக்குக் கிடைக்கிறது. மூடுகொடி படர்ந்த நிலத்தில் இரப்பர் மரம் விரைவாகப் பருத்து, முன்னதாகவே பால்வெட்டுக்கு ஆயத்தமாகிறது என்பதை மலேசிய இரப்பர் ஆராய்ச்சிக் கழகத்தின் நீண்டகாலச் சோதனைகள் காட்டின.

என் பாட்டி வெளிக்காட்டு வேலை செய்தவர். அதற்கு அறிவியற்பெயர் உண்டென்பதே அவருக்குத் தெரியாது. கொடி என்றுதான் சொல்வார். ஆனால், கொடி அடர்ந்த இடத்தில் லாலாங் புல் தலைதூக்காது என்பதும், அங்கே மண் கறுத்துப் பொலபொலவென்று இருக்கும் என்பதும் அவருக்கு அத்துப்படி. களை குறைந்தால் களைக்கொல்லித் தெளிப்பும் குறையும். முதுகில் நச்சுத் தொட்டியைச் சுமந்து தெளித்தவர்களும் பெரும்பாலும் பெண்களே. அவர்களின் உடல்நலக் கேடுகளைத் தெனாகானித்தா அமைப்பு 2002-இல் ஓர் ஆய்வறிக்கையாக வெளியிட்டது. பாராக்குவாட் என்னும் கொடிய களைக்கொல்லிக்கு மலேசியாவில் 2020 ஜனவரி 1 முதல்தான் தடை வந்தது. ஒரு கொடியின் வேர்முடிச்சைப் பற்றிப் படிக்கும்போது, அந்த முதுகுகளையும் நான் நினைத்துக்கொள்வதுண்டு.

நம் தட்டில் சோயா

இனி உணவுக்கு வருவோம். பசியாறச் செல்லும் கடையில் மீ கோரெங் கேட்டால் அதில் தௌஃபுத் துண்டுகள். வடமாநிலங்களுக்கே உரிய பசெம்பூரிலும் பொரித்த தௌஃபு. வீட்டு அடுப்படியில் கிச்சாப்பு. காலைச் சந்தையில் பிளாஸ்டிக் பையில் கட்டித் தரும் சோயாப் பால். புரட்டாசி மாதத்திலும் தைப்பூச விரதத்திலும் 'சைவ இறைச்சி'. சீன உணவு என்று நாம் சொல்லிக்கொண்டாலும், மலேசியத் தமிழர் சோயா உண்ணாத வாரம் அரிது.

இவை உருவாகும் விதம் அறியத்தக்கது. ஊறவைத்த சோயாவை அரைத்து, வடிகட்டிக் காய்ச்சினால் சோயாப் பால். காய்ச்சுவது சுவைக்காக மட்டுமன்று. பச்சைச் சோயாவில் புரதச் செரிமானத்தைத் தடுக்கும் பொருள் உண்டு. நல்ல சூடு அதனை அழிக்கிறது. சூடான பாலில் ஜிப்சம் போன்ற உப்பைச் சேர்த்தால் புரதம் திரள்கிறது. பால் திரிந்து பன்னீர் ஆவது போலத்தான். அதைப் பிழிந்து அழுத்தினால் தௌஃபு. அழுத்தாமல் மெத்தென விட்டுப் பாகு ஊற்றினால் தௌஃபூஃபா. வேகவைத்த சோயாவில் ரைசோபஸ் என்னும் பூஞ்சையைத் தூவி ஓரிரு நாள் வைத்தால் வெண்ணிற இழைகள் பின்னி மணிகளை ஒரே கட்டியாக்கிவிடும். அதுவே சாவகத்திலிருந்து வந்த தெம்பே. சோயாவோடு கோதுமை சேர்த்து, வேறொரு பூஞ்சையால் புளிக்கச் செய்து, உப்புநீரில் மாதக்கணக்கில் ஊறவைத்து வடிப்பது கிச்சாப்பு. மீல்மேக்கர் என்னும் சோயா உருண்டையோ ஆலைப் பொருள். எண்ணெய் எடுத்தபின் எஞ்சும் மாவை அழுத்தமும் சூடும் கொடுத்துப் பொரியச் செய்கிறார்கள். அதில் பாதியளவு புரதம்.

ஏழையின் புரதம் என்ற எண்ணம் சோயாப் பாலின் வரலாற்றிலேயே இருக்கிறது. 1940-இல் ஹாங்காங்கில் வைத்தாசோய் நிறுவனம் தொடங்கப்பட்டபோது, பசும்பால் வாங்க வசதியற்றவர்களின் ஊட்டக்குறைவைப் போக்குவதே அதன் குறிக்கோளாக இருந்தது. ஒரு முட்டையில் சுமார் 6 கிராம் புரதம். 100 கிராம் தெம்பேயில் ஏறக்குறைய 19 கிராம்.

ஆயினும், அளவுக்கு மீறிப் புகழ வேண்டியதில்லை. சோயாப் புரதம் இதயத்துக்கு நல்லது என்று பொருள்களின் உறையில் அச்சிட அமெரிக்க உணவு, மருந்து நிருவாகம் 1999-இல் இசைவளித்தது. சான்றுகள் எதிர்பார்த்த அளவு உறுதியாக இல்லையெனக் கூறி அதே நிருவாகம் 2017-இல் அவ்விசைவைத் திரும்பப் பெற முன்மொழிந்தது. இன்னொன்றும் உண்டு. சந்தையில் நாம் வாங்கும் சோயாப் பாலில் சோயாவைவிடச் சீனியே முந்திக்கொள்கிறது. மலேசியாவில் நீரிழிவு இந்தியரிடையே மற்ற இனத்தவரைவிட மிகுதி என்பதை 2019-ஆம் ஆண்டின் தேசிய நலப் பண்பாய்வும் காட்டியது. 'சீனி வேண்டாம்' என்று சொல்லிக் கேட்டு வாங்கினால் அதுவே நல்ல உணவு.

சமையலறைக்கு வெளியேயும் சோயாவின் வேலை ஓயவில்லை. சாக்லெட்டில் கொழுப்பும் மற்றப் பொருள்களும் பிரியாமல் காப்பது பெரும்பாலும் சோயாவின் லெசித்தின். 1941-இல் ஹென்றி ஃபோர்டு சோயா முதலியவற்றைக் கொண்டு செய்த பிளாஸ்டிக் தகடுகளால் ஒரு காரையே உருவாக்கிக் காட்டினார். 1980-களில் அமெரிக்கச் செய்தித்தாள்கள் பெட்ரோலிய மைக்கு மாற்றாகச் சோயா மையைப் பயன்படுத்தத் தொடங்கின. எரிபொருள், மெழுகுவத்தி, மெத்தை நுரை எனப் பட்டியல் நீளும்.

கோழிக்கும் செம்பனைக்கும் உள்ள தொடர்பு

உலகில் ஆண்டுக்குச் சுமார் 40 கோடி டன் சோயா விளைகிறது. அதில் மனிதர் நேராக உண்பது சிறு பங்கே. நான்கில் மூன்று பங்குக்கு மேல் கால்நடைத் தீவனமாகிறது. 100 கிலோ சோயாவை ஆலையில் ஆட்டினால் ஏறத்தாழ 80 கிலோ பிண்ணாக்கும், 20 கிலோவுக்குச் சற்றுக் குறைவாக எண்ணெயும் கிடைக்கும். பிண்ணாக்கு கோழிக்கும் பன்றிக்கும் மீனுக்கும் போகிறது. எண்ணெய் சமையலுக்கு வருகிறது.

நம் நாட்டுக் கோழித் தீனியின் முதன்மைப் பொருள்கள் சோளமும் சோயாப் பிண்ணாக்கும். இரண்டும் இறக்குமதியை நம்பியவை. கோழி வளர்ப்புச் செலவில் பெரும்பகுதி தீனிக்கே ஆகிறது. 2022-இல் தீனி விலை உயர்ந்து கோழி தட்டுப்பாடானபோது, அவ்வாண்டு ஜூன் 1 முதல் மலேசியா கோழி ஏற்றுமதியையே நிறுத்தியது. கோழிக்கான உதவித்தொகை 2023 நவம்பரிலும் முட்டைக்கானது 2025 ஆகஸ்டிலும் முடிவுக்கு வந்தன. ஆகவே, பிரேசிலில் மழை பொய்த்தால் அதன் எதிரொலி பாடாங் செராய் ஒட்டுக்கடையின் கோழிக் குழம்பில் முன்னைவிட நேராகக் கேட்கும்.

செம்பனைக்கும் சோயாவுக்கும் உள்ள தொடர்பு இதைவிட நெருக்கமானது. சமையல் எண்ணெய்ச் சந்தையில் இரண்டும் போட்டியாளர்கள். ஒன்று விலையேறினால் வாங்குவோர் மற்றொன்றை நாடுவர்; ஆகவே இரண்டின் விலையும் பெரும்பாலும் சேர்ந்தே ஏறும், சேர்ந்தே இறங்கும். 1980-களின் பிற்பகுதியில் அமெரிக்கச் சோயா உற்பத்தியாளர் சங்கம், செம்பனை எண்ணெய் இதயத்துக்குக் கேடு என்று பெரும் பரப்புரை செய்தது. அப்போரின் பின்னணியில் உடல்நலத்தோடு சந்தையும் இருந்தது.

2018 ஜூலையில் சீனா அமெரிக்கச் சோயாவுக்கு 25 விழுக்காடு வரி விதித்தது. சிக்காகோச் சந்தையில் சோயா விலை சரிந்தது. அந்த ஆண்டின் இறுதியில் செம்பனை எண்ணெய் டன்னுக்கு 2,000 வெள்ளிக்கும் கீழே இறங்கியது. நம் கையிருப்பு மிகுந்திருந்ததும் ஒரு காரணம். எனினும் சோயாவின் சரிவுக்கும் அதில் பங்குண்டு. 2022-இல் இதற்கு நேர்மாறு. தென்னமெரிக்க வறட்சியால் சோயா குறைந்தது. உக்ரேன் போரால் சூரியகாந்தி எண்ணெய் தடைபட்டது. அவ்வாண்டு மார்ச்சில் செம்பனை எண்ணெய் 7,000 வெள்ளியைத் தாண்டியது.

என் தந்தை குலை வெட்டியவர். அவருடைய சம்பளச் சீட்டில் எண்ணெய் விலைக்கேற்ப ஏறி இறங்கும் ஒரு தொகை தனி வரியாக இருக்கும். சில மாதங்களில் அந்த வரியால் பள்ளிக் காலணி வந்தது. சில மாதங்களில் வரவில்லை. வெட்டிய குலையின் எண்ணிக்கை குறையாதபோது தொகை மட்டும் ஏன் குறைகிறது என்று லயத்தில் எவருக்கும் விளங்கியதில்லை. விடையின் ஒரு பகுதி கடல்கடந்த சோயா வயலில் இருந்தது. இன்று குலை வெட்டுவோரில் பெரும்பாலோர் அயல்நாட்டுத் தொழிலாளர்கள். அவர்களுக்கும் அதே கணக்குத்தான்.

2023-இல் ஐரோப்பிய ஒன்றியம் காடழிப்புக்கு எதிராக இயற்றிய சட்டம் ஏழு பொருள்களைப் பெயர் குறிப்பிடுகிறது. அவற்றில் இரப்பர், செம்பனை, சோயா மூன்றும் அடுத்தடுத்து இடம்பெறுகின்றன. கெடாவின் சிறுதோட்டக்காரரும் பிரேசிலின் பெருநிலக்கிழாரும் இப்போது ஒரே சட்டத்தின் கீழ் தங்கள் நிலத்துக்குச் சான்று காட்ட வேண்டியவர்களாகிறார்கள்.

நாம் என்ன செய்யலாம்?

சோயாவை இங்கே பெரும்பயிராக விளைவிக்க முடியாது போகலாம். ஆனால், வெப்பமண்டலத்தின் சோயா என்று பாராட்டப்பட்ட ஒரு பயறு நம் வேலியிலேயே படர்கிறது. அதுதான் சிறகவரை, மலாயில் காச்சாங் போட்டோல். அதன் முற்றிய விதையிலுள்ள புரதமும் எண்ணெயும் சோயாவுக்கு ஒப்பானவை. 1975-இல் அமெரிக்கத் தேசிய அறிவியல் கழகம் இதற்கென்றே தனி அறிக்கை வெளியிட்டது. பிஞ்சு, இலை, பூ, கிழங்கு எல்லாமே உண்ணத்தக்கவை. கொடி ஏறப் பந்தல் வேண்டும், முற்றிய விதையை நெடுநேரம் வேகவைக்க வேண்டும் என்பதால் அது பெருந்தோட்டப் பயிராகவில்லை. வீட்டு வேலிக்கு அக்குறைகள் பொருட்டல்ல. லயத்து வீடுகளின் பின்புறம் மொச்சையும் அவரையும் முருங்கையும் வளர்த்த பழக்கத்தை, அடுக்குமாடி வீட்டின் மாடத்துத் தொட்டியிலும் ஓரளவு தொடரலாம்.

வேளாண்மை, பொருளியல், ஊட்டவியல் எனப் பல துறைகளில் பயிலும் மாணவ நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். இத்துறைகள் யாவும் தோட்டத்தில்தான் ஒன்று சேர்ந்தன. ஆனால், அங்கே உழைத்தவர்களுக்கு அவை விளக்கிச் சொல்லப்படவில்லை. விடுமுறைக்கு ஊர் திரும்பும்போது, வெளிக்காட்டு வேலை செய்த பாட்டிமார் எவரேனும் இருந்தால் கொடியைப் பற்றிக் கேட்டுக் குறித்து வையுங்கள். அவர்களுக்குத் தெரிந்ததை நாம் எழுதிக்கொள்வோம். நமக்குத் தெரிந்த வேர்முடிச்சின் வேலையையும் விலையின் கணக்கையும் அவர்களுக்குத் தமிழில் விளக்கிச் சொல்வோம். பல்கலைக்கழகத்தில் நாம் பெறும் கல்விக்கு அது ஒரு நல்ல பயன்.